காட்சிமுனையில் யாரும் ரொட்டி வாங்குவதில்லை

மல்பிகாவில் என் கார் படுத்துவிட்டது.
திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான் மெக்கானிக்.
அன்று வியாழன்.
மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கடல்
கொடுத்தாக வேண்டும் நாட்காட்டிக்காரர்களுக்கு.
ஆள் கூடாது, மின்கம்பி கூடாது,
வானம் பாதிக்குக் குறையக் கூடாது என்று
எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

டெல்மிரோவின் ரொட்டி வண்டி
காமரிஞாஸ் வரை போகும்.
"ஏறிக்கொள். ஆனால் ஒன்று,
ரொட்டி கேட்கிற இடத்தில்தான் நிற்பேன்."

இருட்டு இன்னும் பிரியவில்லை.
முந்நூறு ரொட்டிகளின் சூடு
பின்னாலிருந்து பிடரியில் மூச்சுவிட,
மடியில் கேமரா மட்டும் சில்லென்று கிடந்தது.
மலைக்கு அந்தப் பக்கம் சூரியன்.
வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்
முதலில் தொட்டது
தூரத்துத் தீவுகளின் உச்சியை.
அடியில் கடல் இன்னும் ஈயம்,
உச்சியில் ஒரு கோடு மட்டும்
அப்போதுதான் உரித்த ஆரஞ்சு.

"நிறுத்துங்கள்! நிறுத்துங்கள்!"

அவர் கியரை மாற்றினார்.
"அது காட்சிமுனை.
அங்கே யாரும் ரொட்டி வாங்குவதில்லை."

நின்றது
அடுத்த வளைவில், ஓர் இரும்புக் கதவருகே.
கதவில் தொங்கும் துணிப்பை,
பையின் அடியில் எண்ணிப் போட்ட சில்லறை,
வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே
முழம் அகலத்துக்குக் கடல்.
குறுக்கே மின்கம்பி, அதில் ஈரக் காலுறை ஒன்று.
சன்னலை இறக்கி
நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி
திறந்து மூடினேன்.

இப்படியே போனது பயணம்.
கடல் விரிந்தால் வண்டி விரையும்,
கடல் மறைந்தால் வண்டி நிற்கும்.
இரண்டு ஹாரன், ஒரு கதவு,
தூக்கக் கலக்கத்தில் ஒரு கை.

கோர்மேயில் பல்பீனா
கறுப்பு ரப்பர் உடுப்போடு ஓடிவந்தாள்.
ஒன்பது பத்துக்கு வற்றம்;
அதற்குள் பாறையில் இறங்கிச்
சிப்பியைப் பெயர்க்க வேண்டும், அலை திரும்புவதற்குள்
ஏறிவிடவும் வேண்டும்.
ரொட்டியின் முனையைப் பிய்த்து வாயில் போட்டபடி
"முகம் வேண்டாம், கையை எடு" என்றாள்.
எடுத்தேன்.
நகம் பாதி இல்லாத இரண்டு விரல்கள்,
பிட்டு வைத்த ரொட்டி.
பின்னே பாறைமேல் வெள்ளைச் சிலுவைகள்,
இறங்கிப் போய் ஏறாதவர்களுக்கு.
குவியத்தை நான் அங்கே தள்ளவில்லை.
மங்கலாகத்தான் நிற்கின்றன படத்தில்.
இருந்தும் பார்க்கிற எல்லோரும்
முதலில் எண்ணுவது அவற்றைத்தான்.

லாஷே தாண்டி, நீலக் கதவு வீடு.
பைக்குள் சில்லறையோடு ஒரு சீட்டு.
'இனி ஒன்று போதும்.'

டெல்மிரோ அதை இரண்டு தரம் படித்தார்.
பதினாறு வருஷமாக இங்கே இரண்டு ரொட்டி.
பெரிய படகு இன்னும் வடக்கிலிருந்து
திரும்பவில்லை என்று
ரேடியோ நேற்றே சொல்லியிருந்தது,
மல்பிகாவில் நானும் கேட்டேன்,
கேட்டுக்கொண்டே பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன்.

அவர் இரண்டு ரொட்டியையும் பையில் வைத்தார்.
பிறகு ஒன்றை வெளியே எடுத்தார்.
பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றார்.

கேமரா என் கையில் இருந்தது.
வெளிச்சம் அவர் தோளில் சரியாக விழுந்திருந்தது.
எடுத்தேன்.
எடுத்திருக்கக் கூடாது என்று இன்றுவரை
என்னால் சொல்ல முடியவில்லை.
எடுத்தது சரி என்றும்.

அந்த ஒரு கதவுக்கு மட்டும்
அவர் ஹாரன் அடிக்கவில்லை.

காமரிஞாஸ் போய்ச் சேர்ந்தபோது
வண்டியில் மிஞ்சியது துகளும் அந்த ஒற்றை ரொட்டியும்.
துறைமுகச் சுவரில் உட்கார்ந்து
ஆளுக்குப் பாதி தின்றோம்.
உப்பு கூடுதலா குறைவா,
நாக்குக்குப் பிடிபடவில்லை.

நாட்காட்டி அலுவலகத்தில் அந்தப் பெண்
படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
கம்பி. கம்பி. கை. கதவு.
ஒன்றில் மட்டும் நின்றாள்.
"இந்த மூடுபனி நன்றாக வந்திருக்கிறதே,
எந்த மாதத்துக்குப் போடலாம்?"

அது மூடுபனி இல்லை.
வழியில் லென்சைத் துடைக்க
டெல்மிரோ தந்த துணியிலிருந்த மாவு.

நவம்பர் என்றேன்.