நான்கு விநாடி

தேசிங்கு சலூனில் இது மூன்றாம் நாள்.
வெட்ட இனி முடி இல்லை.
இன்றைக்கு ஷேவிங் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வெளியே ஐஸ் உடைக்கிறார்கள்.
உள்ளே மேட்ச், கடைசி ஆறு ஓவர்.
பெஞ்சில் இருப்பவர்கள் பந்தைப் பார்க்கிறார்கள்.
எனக்குச் சம்பளம் திரையின் மூலைகளுக்கு.
ஸ்கோருக்கு மேலே,
அம்பயரின் தொப்பிக்குப் பக்கத்தில்,
சில சமயம் பேட்ஸ்மேனின் நெற்றியிலேயே
பன்னிரண்டு இலக்கம் வந்துபோகும்,
நான்கு விநாடி.
ஒரு வீட்டுக்கென்று விற்ற கார்டு
எத்தனை வீட்டில் ஓடினாலும்
தன் எண்ணைத் தானே உளறும் நேரம்.
ஒரு தும்மலில் விட்டிருக்கிறேன்.
நேற்று தேசிங்கின் முழங்கை மறைத்தது.

"இன்னா சார், டிவிய போட்டோ புடிக்கிற?"
"ஸ்கோரு. மச்சானுக்கு அனுப்பணும்."

கன்னியப்பனின் வயர்
மாதா கோயில் மதில், ஈ.பி. கம்பம்,
யாரோ காயப்போட்ட கைலி
எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு
நானூறு வீட்டுக்குள் இறங்குகிறது.
மாசம் நூறு ரூபாய்.
படகு கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில்
கேட்க வரமாட்டானாம்.
இதை என் அறிக்கையில் எழுத இடமில்லை.

வந்தது.
பவுலர் ஓடிவரும்போது, அவன் தோளில்.
எடுத்தேன், அனுப்பினேன்.
தேசிங்கு வலது கன்னத்தை முடித்துவிட்டு
இடது பக்கம் நுரை வைத்தான்.

ஏழு நிமிடம்.
மூன்று பந்து, நான்கு ரன் வேண்டும்.
திரை நீலமாயிற்று.

நானூறு வீடும் ஒரே வாயால் "ஏய்!" என்றது.
பையன்கள் மாடிக்கு ஓடினார்கள்.
ஒருவர் செருப்பைக் கழற்றி டிவியை அடித்தார்.
கன்னியப்பன், தோளில் வயர்ச் சுருள்,
யாருக்கோ போன் போட்டபடி வண்டியில் பறந்தான்.
அடுத்த தெருவில் சரவெடி கேட்டது.
அங்கே வேறு ஆபரேட்டர், வேறு கார்டு.
"ஜெயிச்சிட்டோம் போல," என்றார் பெஞ்சில் ஒருவர்,
யாரோ சொல்லிக் கேட்ட சாவுச் செய்தி மாதிரி.

தேசிங்கு கண்ணாடியில் என் செல்போனைப் பார்த்தான்.
பிறகு என்னை.
புது பிளேடு மாற்றினான்.
தொண்டைக்குழி வரை நிதானமாக இறங்கி வந்தான்.
ஒரு கீறல் இல்லை.
நீட்டிய ஐம்பது ரூபாயை அவன் தொடவில்லை.

மறுநாள் இரண்டு கான்ஸ்டபிள்களோடு
நாகூரார் தோட்டம்.
எண்ணின் சொந்தக்காரி அமலோற்பவம்,
இறால் உரிக்கிறவள்,
விரல் நுனியெல்லாம் வெள்ளையாய் ஊறியிருந்தது.
வீட்டில் டிவி இல்லை.
அலமாரியில் பெட்டி மட்டும்.
அதன்மேல் இரண்டு பூனைக்குட்டிகள்.

"வெச்சிக்கறதுக்கு மாசம் முந்நூறு குடுப்பாரு.
எப்பவும் சூடா இருக்கும்.
நேத்து சாயந்தரத்துலேர்ந்து ஆறிப்போச்சி,
ராவெல்லாம் கத்துதுங்க."

கான்ஸ்டபிள் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித்
தரையில் விட்டார்.
எழுதிக்கொண்டோம்:
பெட்டி ஒன்று, கார்டு ஒன்று,
வயர் பதினோரு மீட்டர்.
கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தாள்.
இறால் ஊறிய கட்டைவிரலில்
மை சரியாகப் பிடிக்கவில்லை.
மூன்று முறை வைக்கச் சொன்னோம்.

மூன்றாவது முறை அழுத்தியபடியே கேட்டாள்:
"இதுல இன்னா சார் தெரியும்?"