மூச்சைப் பிடிங்க

முதல் படத்தில் முகம் தெளிவாக வேண்டும் என்கிறது செயலி.
இரண்டாவதில் முழு உருவம்.
மூன்றாவதில் நண்பர்களோடு சிரிக்க வேண்டும்.
நான்காவதில், எதையாவது விரும்பிச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

எம்.சி. ரோட்டில், புடவைக் கடைகளுக்கு மேலே
இரண்டாம் மாடியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
பதினான்கு வருஷமாக
நாளைக்கு நாற்பது பேரைப் படம் பிடிக்கிறவளிடம்
தன் படம் ஒன்று உருப்படியாக இல்லை.
என்னிடம் வருகிறவர்கள் அழகாக விழவேண்டும் என்று கேட்பதில்லை.
கொருக்குப்பேட்டை அம்மாள் ஒருத்தர் மட்டும்
முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு
முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

தபஸ்ஸும் பில் போடும் மேஜையிலிருந்தே கத்துகிறாள்:
"ஜெசிந்தா, பல்லைக் காட்டாதே, அலையுறான்னு நினைப்பான்.
காட்டாமலும் இருக்காதே, டீச்சர்னு நினைப்பான்."

தம்பி மகன் ஆல்வின் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனான்,
காலை வெளிச்சம் நல்லா விழும் என்று.
விழுந்தது.
கூடவே ஐஸ் உடைக்கிற மெஷின்,
வஞ்சிரத்துக்கு விலை பேசும் ஒரு முதுகு,
என் தலையில் கொம்பு முளைத்ததுபோல் இரண்டு கொடிக்கம்பம்.
"கேண்டிட் அத்தை, இதுதான் இப்போ ஸ்டைல்.
எங்கேயோ பார்க்கிற மாதிரி பாரு."
எங்கேயோன்னா எங்கேடா என்று கேட்டேன்.
கேட்கும்போதே எடுத்துவிட்டான்.
அந்தப் படத்தில் நான்
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோவில்
கையைக் கட்டி நிற்கச் சொன்னார்கள்:
கவுன்சிலர் பேனரில் மூன்றாம் வரிசை முகம்.

எண்ணூரில் எடுத்ததற்கு ஃபில்டர் போட்டேன்.
புகைபோக்கியின் புகையை மேகமாக்கியது.
பெரிய மனசு.
அப்படியே என் பக்கம் திரும்பி
கன்னம், கழுத்து, சின்னம்மைத் தழும்பு
எல்லாவற்றையும் கழுவித் துடைத்தது.
அம்மா எட்டிப் பார்த்து,
"யாருடி இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்கு" என்றாள்.

திருமணம் ஆனவரா?
'ஆகி, முடிந்தது' என்று ஒரு கட்டம் வைத்திருக்கலாம்.

எவ்வளவு தூரத்துக்குள் தேட?
ஐந்து கிலோமீட்டர் என்று போட்டால்
ராயபுரத்திலிருந்து பாதி வட்டம் கடலில் விழுகிறது.
பத்து போட்டேன். இன்னும் பெரிய கடல்.
பதினைந்துக்கு அடையாறு வரைக்கும் ஆள் வந்தார்கள்,
அவசரத்துக்கு வைத்த பாஸ்போர்ட் சைஸைப் பார்த்தே.
"வடசென்னையா? பார்த்தா தெரியலையே."
என்ன தெரியணும்
என்று டைப் அடித்தேன். அழித்தேன்.

கடைசியில் வைத்தது தபஸ்ஸும் எடுத்தது.
சாயங்காலம், கரண்ட் போன நேரம்.
ஈய ஏப்ரனைக் கழற்றாமலே
வராண்டா ஸ்டூலில் உட்கார்ந்து
பார்சல் அத்தோ தின்கிறேன்.
வாயிலிருந்து ஒரு நூடுல்ஸ் தொங்குகிறது.
எதற்குச் சிரித்தேன் என்பது
இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.
"ராக்கெட்ல ஏறப்போற மாதிரி இருக்கே" என்றான் ஆல்வின்.
இருக்கட்டும்.

ராத்திரி பத்தரைக்கு,
நான் நான்தானா என்று சரிபார்க்க
திரையில் ஒரு வட்டம் வந்தது.
முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்.
இடப்பக்கம் திரும்புங்கள்.
அசையாதீர்கள்.

என் வார்த்தை அது.
தாடையைத் தூக்கி, தோளை முன்னே தள்ளி,
சொல்லாமலே மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
சட்டையைக் கழற்றி, சங்கிலியைக் கழற்றி
ஜில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி
இப்படித்தான் நின்றிருப்பார்கள் போல எல்லாரும்,
உள்ளே ஏதாவது இருக்குமோ என்று.

பச்சை டிக் விழுந்தது.
மூச்சை விடுங்க என்று அது சொல்லவில்லை.

கீழே தண்ணி லாரி ஹாரன்.
இரண்டு குடத்தோடு படியிறங்கி ஓடினேன்.
எந்தப் படியில் விட்டேனோ.