பேக் டு பேக்

காளவாசல் சிக்னல் தாண்டி
ஆறாவது ஷட்டர்.
மார்ச் மாதம் மட்டும்
ராத்திரி பதினொன்று வரை மிஷின் ஓடும்.
ஒரு பக்கம் ஒண்ணரை ரூபாய்,
பேக் டு பேக் என்றால் இரண்டு.

இன்றைக்கு எல்லார் கையிலும் ஒரே தாள்.
பிளஸ் டூ இங்கிலீஷ், ஃபிகர் ஆஃப் ஸ்பீச்,
பழங்காநத்தம் டியூஷன் சாரின் கையெழுத்து.
அவர் எழுதும் ஜே தூண்டில்முள் மாதிரி வளையும்.
மாதிரி.
லைக் வந்தால், ஆஸ் வந்தால் சிமிலி.
வராவிட்டால் மெட்டஃபர்.

எனக்கும் நாளைக்குத்தான்.
ஹால் டிக்கெட் டோனர் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
தனித்தேர்வர் என்று போட்டிருக்கிறார்கள்.
'தனியா உக்காரணுமா?' என்று கேட்டான் தம்பி.
முதல் தடவை மூன்று மார்க்கில் போனது.
இரண்டாம் தடவை பதினொன்று.
படிக்கப் படிக்க எப்படிக் குறைந்தது என்று
வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

தமிழில் நான் தொண்ணூற்று நாலு.
உவமை என்று கேளுங்கள்,
உருபு பன்னிரண்டும் மூச்சுவிடாமல் சொல்வேன்.
சிமிலி என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.
இரண்டே இரண்டு உருபு வைத்திருக்கிற பாஷை
என்னை ஃபெயிலாக்கிவிட்டது.

மோனைக்குத்தான் அங்கே அலிட்டரேஷன் என்று பெயர்.
ஜனவரியில், சிக்கிய பேப்பரை உருவும்போது
அது திடீரென்று விளங்கியது.
முழங்கை வரை கருப்பு. யாரிடம் சொல்ல?
முதலாளி துளசிராமிடம் சொன்னேன்.
'ரோலரத் தொடச்சியா?' என்றார்.

பாடமும் இங்கேதான் படிப்பது.
கலங்கரை விளக்கக் காவல்காரன் கதை, ஆறு பக்கம்.
கடைசித் தாளிலிருந்து வைத்தெடுத்தால்தான்
அடுக்கு சரியாக வரும்.
அதனால் என்னிடம் அவன் முதலில் சாகிறான்.
பிறகு இருமுகிறான்.
பிறகு விளக்குக் கண்ணாடியைத் துடைக்கிறான்.
ஒரு கடிதம் வருகிறது, அப்புறம் அதற்காகக் காத்திருக்கிறான்.
முதல் பக்கத்தில் படகை விட்டிறங்கி
படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறான், நூற்று எண்பத்திரண்டு,
வயது இருபது, என் வயது.
இந்த வாரம் நாற்பது பேர் வாங்கிப் போனார்கள்.
நாற்பது தடவையும் எனக்கு
அவனுக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது.

பத்தரைக்கு நஃபீலா வந்தாள்,
யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்.
வெளியே அவள் அண்ணன் ஹாரன் அடிக்கிறான்.
'அக்கா, ஆக்ஸிமோரான் எங்க இருக்கு?'
'மூணாம் பக்கம், கடைசிக்கு மேல.'
தாளைப் பார்க்காமலே சொன்னேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
'புக்ல இருக்கிறது வேணாம்.
சொந்தமா ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க.'

மூடியைத் திறந்தேன், மூடினேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.
சாயங்காலம் வந்த பெரியவர்,
ரேஷன் கார்டை நீட்டி என்ன கேட்டார்?
'ஒரிஜினல் ஜெராக்ஸ்' என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில்
துளசிராம் கணக்கை விட்டுவிட்டார்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
பிறகு எச்சில் தொட்டு அழித்தாள்,
நாளைக்குச் சோதிப்பார்களே.
எந்த ஸ்கூல் சென்டர் என்று கேட்டேன். என்னுடையதேதான்.

ரெண்டு பேரும் அதையே எழுதினால்
பார்த்து எழுதினோம் என்பார்கள்.
என் உதாரணத்துக்கே நான் நகல்.
இதற்கு ஐரனி என்று பெயர்,
இரண்டாம் பக்கம், மேலே.
'நீ எழுது' என்றேன்.
'அப்ப நீங்க?'
ஹாரன்.

அவள் போனபின் எனக்கும் ஒரு செட் எடுத்தேன்.
கல்லாவில் காசு போட்டேன்.
தாள் சூடாக இருந்தது.
வரிசை மாற்றி நாளைக்குக் கேட்டால்,
அவன் முதலில் படியேற வேண்டும்,
சாவது ஆறாவது.
கையில் அடுக்கி, பின் குத்தினேன்.

துளசிராம் ஷட்டரை இழுத்தார்.
கடகடகட.
இது என்னவென்று தெரியும் எனக்கு,
தமிழிலும் தெரியும், இங்கிலீஷிலும் தெரியும்.
ஸ்பெல்லிங்தான்.