மேல் கம்பி

முதலில் தட்டிப் பார்ப்பேன்.
சின்னச் சுத்தியல் போதும், காது காலியாக இருக்க வேண்டும்.
நல்ல கான்கிரீட் ணங்கென்று பதில் சொல்லும்.
உள்ளே விட்டுப்போனது
பொத்தென்று மழுப்பும்,
கடனைக் கேட்டதும் வானிலை பேசுகிறவர் மாதிரி.

லியபாயாவின் கடல் காற்று
எழுபத்திரண்டில் எழுந்த இந்தக் குடியிருப்பை
ஐம்பது குளிர்காலமாக நக்கிக்கொண்டிருக்கிறது.
ஐந்து மாடி, பதினைந்து பால்கனி.
போன மாதம் ஒரு காரின் கண்ணாடியை உடைத்தது
உள்ளங்கை அளவுத் துண்டு.
அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் மாடியில், ஜெனோன்ஸின் பால்கனியில்,
வீட்டுக்குள் மண்டியிட்டு, வாசற்படி ஓரமாக
ஒரு சிறு சதுரம் கொத்தினேன்.
தண்ணீர் விட்டுக்கொண்டே. முகமூடியோடு.
அந்த வெண்தூசிக்கு நுரையீரலுக்குள் போக வழி தெரியும்,
திரும்பத் தெரியாது.

சுவரிலிருந்து கை நீட்டி நிற்கும் பலகைக்கு
மேல்பக்கம்தான் இழுபடும்.
கம்பி மேலே இருக்க வேண்டும்.
இரண்டு சென்டிமீட்டர். இல்லை.
நான்கு. இல்லை.
ஏழு.
ரைடிஸ் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான்.
அடியில் கிடந்தது, துருவேறி, விரல் தடிமனில்,
அங்கே அதற்கு ஒரு வேலையும் கிடையாது.

எழுபத்திரண்டில் யாரோ ஈரக் கலவைக்குள் பூட்ஸோடு நடந்திருக்கிறார்.
மிதிபட்ட கம்பி கீழே போய்ப் படுத்துக்கொண்டது.
தடத்தைக் கரண்டி மூடிவிட்டது.
பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நின்றது
என்று என்னைக் கேட்காதீர்கள்,
என் கணக்கில் அது எப்போதோ விழுந்துவிட்டது.

வேலையை நிறுத்தச் சொன்னேன்.
கீழே வேலி.
பதினைந்து கதவுக்கும் உள்ளிருந்து திருகாணி.

'தக்காளி வெளியே இருக்கிறதே' என்றார் ஜெனோன்ஸ்.
'இருக்கட்டும்.'
'நேற்று ராத்திரிகூட அங்கே நின்று புகைத்தேன்.'
'சாம்பலைப் பார்த்தேன்.'
கொஞ்ச நேரம் திருகாணிகளையே பார்த்தார்.
'ஒரு லீகோ இரவு, நடுக்கோடை, எங்கள் கல்யாண வருடம்,
அங்கே நாங்கள்...'
விரல் விட்டு எண்ணினார்.
ஒன்பதில் நின்று, ஒரு பெயரை யோசித்து, பதினொன்று என்றார்.
'என்ன செய்தீர்கள்?'
'குதித்தோம்.'

முட்டு கொடுக்க நான்கு நாள் ஆயிற்று.
தரையில் பலகை பரப்பி, அதன்மேல் இரும்புக்கால்,
ஒன்றின் தலைக்கு நேராக இன்னொன்று, உச்சிவரை.
ரைடிஸுக்கு ஜாக்கியைக் கண்டால் கை நமைக்கும்.
போதும்டா, தாங்கினால் போதும்,
தூக்க வேண்டாம். தூக்கினாலும் உடையும்.

அப்புறம் மேலிருந்து கீழாக.
கிரேன் பிடித்த பிறகே வைரச் சக்கரம்.
கடைசி அங்குலத்தில் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும்.
சங்கிலி ஒரு முறை முனகும்,
எடை கைமாறும்,
பலகை தானே ஒரு பொருளாகிக் காற்றில் திரும்பும்.

மூன்றாம் மாடியின் முறை வியாழக்கிழமை வந்தது.
அதற்கு முன்பே இடுப்பில் கயிறோடு போய்
ஆறு தொட்டியையும் எடுத்து வந்திருந்தேன்.
பழங்களை நாரைக்கழுகுகள் கொத்தியிருந்தன;
கடல்காகம் என்று திருத்தினார் ஜெனோன்ஸ்,
எனக்குப் பறவை தெரியாது.

மாலை, சக்கரம் ஓய்ந்தபின்,
வேலிக்கு வெளியே லாரிக்காகக் கிடந்த தன் பால்கனியிடம்
செருப்போடு இறங்கி வந்தார்.
இப்போது அது தரையில்தான் இருந்தது.
தரைக்குக் கீழே விழ இடமில்லை.
ஒரு காலை எடுத்து அதன்மேல் வைத்தார்.
மற்றக் காலை
வைக்கவில்லை.