டிம்

சோழிங்கநல்லூர் கம்பெனியில் மூன்றாம் நம்பர் கேட்,
செக்யூரிட்டி நாற்காலிக்குப் பின்னால்,
டிரைவர்கள் மட்டும் நிற்கிற இடத்தில் அந்த நோட்டீஸ்.
லேமினேஷன் போட்டு, நாலு மூலையிலும் டேப்:
தி மேனேஜ்மென்ட் டேக்ஸ் எ டிம் வியூ
ஆஃப் டிரைவர்ஸ் யூசிங் லாபி டாய்லெட்ஸ்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
எல்லாம் தெரிந்த சொல்தான்.
வியூ என்றால் சீ வியூ ஃபிளாட்.
டிம் எனக்குத் தெரிந்த அளவுக்கு
அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது.
பதினெட்டு வருஷமாக டிம் அடிக்கிறவன் நான்.
ராத்திரி இரண்டரை, உத்தண்டி தாண்டி
எதிரே ஒருத்தன் வருகிறான்.
யாரென்று தெரியாது.
அவன் கண் கூசக் கூடாதென்று
என் வெளிச்சத்தை நானே குறைத்துக்கொள்வேன்.
அதுதான் டிம்.

ஆக, நிர்வாகம்
கண்டும் காணாமல் விடுகிறது என்று நினைத்து,
மனசுக்குள் ஒரு நன்றியும் சொல்லிவிட்டு
லாபிக்குள் போனேன்.
வெளியே வந்தபோது பெயர் எழுதிக்கொண்டார்கள்.
நாலு நாள் டிரிப் கட்.

அப்படித்தான் சேர்ந்தேன்
துரைப்பாக்கத்தில், பிரியாணிக் கடை மாடியில்,
ஸ்போக்கன் இங்கிலீஷ்.
ஜெனிட்டா மிஸ்ஸுக்கு
என் மூத்தவளைவிட ஒரு வயசு கூட இருக்கும்.
"ஆஃப் போடணும்ணா, ஆன் இல்ல.
அதுக்கப்புறம் பெயர்ச்சொல், இல்லன்னா ஐஎன்ஜி.
டிம்முக்கு முன்னாடி இருக்கிற எ-வ விட்டுடாதீங்க."
அர்த்தம் கேட்டேன்.
"திட்டுறது இல்லண்ணா. கோவம்கூட இல்ல.
முகத்துல காட்டாம முகம் சுளிக்கிறது."

என் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை.
மொய் மட்டும் வந்தது, ஆயிரத்தொன்று,
கவரில் என் பெயருக்கு ஒரு எழுத்து குறைவாக.
சட்டென்று புரிந்துவிட்டது.

ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார்.
வண்டியில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் நோட்டை வைத்து எழுதினேன்.
போலீஸ், குடித்துவிட்டு ஓட்டுவதை. சரி.
என் மனைவி, நான் ஹான்ஸ் போடுவதை. சரி.
பள்ளிக்கரணைச் சதுப்பு, அபார்ட்மென்ட்களை.
மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தார்.
"சதுப்புக்கு அபிப்பிராயம் கிடையாதுண்ணா."
அவருக்கு ஊர் நாசரேத்.
வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில்
கேஸ் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதில்லை.

நாலாவதை ஐ என்று தொடங்கியிருந்தேன்.
"ஐ வந்தா டேக்ஸ் இல்ல, டேக்.
எஸ் போயிடும்" என்று அடித்தார்.
நான் என்று வந்தாலே
வாலில் ஒரு எழுத்து உதிர்ந்துவிடுமாம்.
திருத்தியதைச் சத்தமாக வாசித்தேன்:
ஐ டேக் எ டிம் வியூ ஆஃப் தி மேனேஜ்மென்ட்.

ஃபேன் சத்தம். கீழே தம் உடைக்கிற வாசனை.
"கிராமர் கரெக்ட்ணா" என்றார் மிஸ்.
டிக் போடப் போன பேனா அங்கேயே நின்றது.
"ஆனா... இது மேல இருக்கறவங்கதான்
வழக்கமா சொல்லுவாங்க."
பிறகு போட்டார், சின்னதாக ஒரு டிக்.

ஐந்தாவதை நான் எழுதியிருக்கவில்லை.

அன்று நாலு மணி ஷிஃப்ட்.
பின்சீட்டில் தூங்கிய பெண்ணை எழுப்பி இறக்கிவிட்டு
மூன்றாம் கேட்டில் வண்டியைத் திருப்பினேன்.
அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது.
நோட்டீஸ் நேர் எதிரே.
ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டேன்.
லேமினேஷன் முழுக்க வெள்ளையாக எரிந்தது,
ஒரு எழுத்து இல்லை.
அப்படியே வைத்திருந்தேன்,
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நாற்காலியில் புது செக்யூரிட்டிப் பையன்,
ஒடிசாவோ பீகாரோ,
கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுந்தான்.
"டிம், பாய், டிம்."

அவனுக்காகக் குறைத்தேன்.
எழுத்தெல்லாம் திரும்பி வந்தது.