முந்தி வருவது

ஐந்தே முக்காலுக்குப் பனி உதறும் பூட்ஸ் சத்தம்.
படியில் இரண்டு தட்டு,
சாவி, பிறகு அந்தச் சின்னச் செருமல்.
எழுந்து போக மாட்டேன்.
திறந்தால் விளக்குக்கம்பமும் இருட்டும்தான் என்பது
கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துபோனது.
அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றுவேன்.
மூடி தடதடத்து ஆவி கிளம்பும் நேரம்
சாலைப்பனி தள்ளும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு
ஹால்வார் வருவான், இந்தமுறை உடம்போடு:
அதே தட்டு, அதே சாவி, அதே செருமல்.

சேத்தெஸ்டால் பள்ளத்தாக்கில் இதற்கு யாரும் பயப்படுவதில்லை.
'வார்டோகெர்' என்பாள் பக்கத்து வீட்டு ஓஸ்லைக்,
தபால் வந்துவிட்டது என்பதுபோல.
செத்தவர்கள் பின்னால் வருவார்கள்,
அவர்களுக்கு வேறு பெயர்.
இது உயிரோடிருப்பவனுக்கு முந்தி வருவது.

நூலக பஸ்ஸில் வந்த தடித்த அகராதியை
நின்றுகொண்டே புரட்டினேன்.
மலையில் வழிக்கு அடுக்கும் கற்குவியலின் பெயர்தான்
இதற்குள் இருக்கிறது என்று
அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம்.
பழைய நோர்ஸ் சொற்கள் இரண்டு
தேய்ந்து ஒட்டிக்கொண்டவை:
ஒன்று காவல். மற்றது மனம்.
காவலுக்குப் போகிற மனமா, மனத்துக்கே காவலா,
எது எதைக் காக்கிறது என்று போடவில்லை.
டிரைவர் ஹாரன் அடித்தான்.

ஹால்வாரிடம் சொன்னேன்.
"சுரங்கப்பாதை தாண்டியதுமே
சாப்பாட்டை நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.
அதுவாயிருக்கும்" என்றான், வாய் நிறையக் கிழங்கோடு.

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை
கதவு ஒரே தடவைதான் திறந்தது.
அடுப்பு காலி. கிழங்கின் தோல்கூடச் சீவவில்லை.
பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக
அவனைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது.
"யாரு?" என்று கேட்டுவிட்டேன்,
முகத்துக்கு நேரே.
தொப்பியைக் கழற்றாமல்
"ரோடு மோசம்" என்றான்.
மூன்று நாளாகப் பனியே விழவில்லை.

ரொட்டி வைத்தேன். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்தேன்.
கத்தியை எடுத்தவன் வெட்டவில்லை.
எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று
நுனிநாக்கு வரை வந்தது.
எதை என்றும் சொல்ல வேண்டியிருக்குமே,
விழுங்கிக்கொண்டேன்.

ஒன்பதரை இருக்கும்.
வாசலில் பூட்ஸ் பனி உதறியது.
இரண்டு தட்டு. சாவி.
அவனுக்கும் கேட்டிருந்தது:
கத்தியை மெல்ல, சத்தம் வராமல்,
தட்டில் கிடத்தினான்.
செருமலுக்காக
இரண்டு பேரும் காத்திருந்தோம்.