ரவுண்டானாக் கீரை

ஷார்ஜாவில் அந்த ரவுண்டானாவுக்குச்
சிவப்புக் கரை கட்டியது நான்தான்.
ஃபோர்மேன் வாயில் அது 'ரெட் பார்டர்'.
கிள்ளி முகர்ந்தேன்.
அட, பொன்னாங்கண்ணி!

ஊதாக் குழாயில் வருவது
சாக்கடை வடித்த நீர். தின்னக் கூடாது.
நாலு கணுவை மட்டும்
சோற்றுத் தூக்கில் ஒளித்து
சஜா கேம்புக்குக் கடத்தினேன்.

பெயின்ட் வாளி, ஏசி சொட்டும் தண்ணீர்.
ஜூலை அதை இரண்டு முறை கொன்றது.
மூன்றாம் முறை விட்டுவிட்டது.
நிழலில் வைத்தால் பச்சைக்குத் திரும்பிவிடும்;
வெயில் குடித்தால்தான் அந்தச் சிவப்பு.

சோதனைக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.
"இது எதற்கு?"
"அழகுக்கு, சார்."
போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு
அழகைப் பொடியாக நறுக்கிப்
பருப்பில் போட்டோம்.
சோறெல்லாம் ரோஸ்.

மொட்டைத் தண்டுகளை
வாளியில் திரும்பக் குத்திக்கொண்டே
சுடலையாண்டி கேட்டான்:
அடுத்த சோதனை எப்ப?